நகரத்தாரைச் சபைக்கு அழைத்த பிரபு: சைமன் டி மான்ஃபோர்ட்

[திரையில்: வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், 1258 ஏப்ரல்]

கவசம் அணிந்த பிரபுக்கள் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியைப் பார்க்க வருகிறார்கள். வாளை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். ஆனாலும் அரசர் பதறிக் கேட்கிறார்: “நான் என்ன, உங்கள் கைதியா?”

அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. இளைய மகனைச் சிசிலிக்கு ராஜாவாக்கும் ஆசையில், போப்பின் 1,35,000 மார்க்குக்கும் (அன்றைய பணக் கணக்கு) அதிகமான கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் அவர். அதை அடைக்க வரி வேண்டும். முதலில் ஆட்சியைச் சீர்திருத்துங்கள் என்றார்கள் பிரபுக்கள். 15 பேர் சபையின் சொல் கேட்டுத்தான் ஆள வேண்டும், ஆண்டுக்கு மூன்று முறை பார்லிமென்ட் கூட வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் முடிவானது. ஹென்றி சத்தியம் செய்தார். 1261இல் போப்பிடம் அனுமதி வாங்கி அந்தச் சத்தியத்தை உதறிவிட்டார்.

அப்புறம் போர்தான்.

[வரைபடம்: தெற்கு இங்கிலாந்து, லூயிஸ் ஊர்]

1264 மே 14. பிரபுக்களின் தலைவர் சைமன் டி மான்ஃபோர்ட் பிரான்சில் பிறந்தவர், அரசரின் தங்கை கணவர். போரில் வென்றார், அரசரும் பட்டத்து இளவரசர் எட்வர்டும் அவர் பிடிக்குள் வந்தார்கள்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 1265 ஜனவரியில் சைமன் பார்லிமென்ட்டைக் கூட்டுகிறார். பெரிய பிரபுக்களில் பலர் அவர் பக்கம் இல்லை. அவருக்கு ஆள்பலம் தேவை. எனவே மாவட்டத்துக்கு இரண்டு வீரப்பெருமக்களோடு (நைட்டுகள்), நகரத்துக்கு இரண்டு பேரையும் அழைத்தார். வரி கேட்க மாவட்டத்தாரை அழைப்பது ஏற்கெனவே உண்டு. நாட்டு நிலைமையைப் பேச நகரத்து வியாபாரிகளையும் கூப்பிட்டதுதான் புதிது.

ஆனால் சைமனை மாமனிதராக்க எனக்கு மனம் வரவில்லை. லெஸ்டர் நகரிலிருந்து யூதர்களை விரட்டியவர் அவர். 1264இல் லண்டனில் யூதர்களைக் கொன்று குவித்தவர்கள் அவரது ஆதரவாளர்கள். இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்லக் கூடாது.

[திரையில்: ஈவ்ஷாம், 1265 ஆகஸ்ட் 4]

மே மாதமே காவலிலிருந்து தப்பியிருந்த எட்வர்ட், சைமனின் மகனுடைய படையிடம் பறித்த கொடிகளைப் பிடித்தபடி வந்தார். மகன்தான் வருகிறான் என்று சைமன் முதலில் நம்பினார். அன்றே கொல்லப்பட்டார், உடலையும் துண்டாக்கினார்கள். சைமன் படையோடு இழுத்து வரப்பட்டிருந்த ஹென்றியைச் சொந்த மகன் எட்வர்டின் ஆட்களே அடையாளம் தெரியாமல் வெட்டப் பார்த்தார்கள். “நான்தான் உங்கள் அரசன்” என்று கத்தித் தப்பினார்.

பின்னாளில் எட்வர்ட் அரசரானார். 1295இல் போர்ச் செலவு நெருக்கியபோது, அவரும் மாவட்டத்துக்கு இருவர், நகரத்துக்கு இருவர் என்றுதான் அழைப்பு அனுப்பினார்.