கம்பியில பட்ட பந்து

வணக்கம். கார் ஓடிக்கொண்டு கேக்கிற ஆக்களுக்கும், குசினியில வேலையோட வேலையாக் கேக்கிற ஆக்களுக்கும் வணக்கம். பத்து நிமிஷம் தந்திருக்கினம், அதுக்குள்ள ரொறன்ரோ எஃப்.சி. எண்ட எங்கட உதைபந்தாட்ட ரீமின்ர 2017 சீசனைச் சொல்லி முடிக்கோணுமாம். இந்த விசயத்தில என்னைக் கதைக்க விட்டா நிப்பாட்டேலாது எண்டு என்ர வீட்டில கேட்டா சொல்லுவினம். பாப்பம்.

முதல்ல தெரிஞ்சதைச் சொல்லிவிடுறன். அந்த ஒரே வருஷத்தில மூண்டு கோப்பை. கனடாச் சம்பியன்ஷிப், லீக்கில புள்ளியில முதலாவதா வாற ரீமுக்குக் குடுக்கிற சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட், கடைசியா, எம்.எல்.எஸ். எண்ட அமெரிக்கா-கனடா லீக்கின்ர ஃபைனலில வெல்லுற ரீமுக்குக் குடுக்கிற எம்.எல்.எஸ். கப். அந்த லீக்கில அதுக்கு முதல் ஒரு ரீமும் இப்பிடி மூண்டையும் ஒரே வருஷத்தில எடுத்ததில்ல, அமெரிக்க ரீமுகளும் எடுத்ததில்ல. கனடா ரீம் ஒண்டு எம்.எல்.எஸ். கப் தூக்கினதும் அதுதான் முதல் தரம். இது பேப்பரில வந்த கதை. நான் சொல்ல வாறது என்னெண்டா, அந்த 2017 சீசன் 2017 இல தொடங்கேல்ல. அதுக்கு முதல் வருஷம், 2016 டிசம்பர் 10 ஆம் திகதி இரவு, தோத்த இடத்திலதான் தொடங்கினது. இதை நான் இண்டைக்கு ரெண்டு மூண்டு தரம் சொல்லுவன், குறை நினைக்காதேங்கோ.

அதுக்குக் கொஞ்சம் பின்னால போகோணும். 2007 இல ரீம் தொடங்கேக்க நாலு மட்ச் போய் ஒரு கோல்கூட இல்ல. நாலிலயும் தோல்வி. அஞ்சாவது மட்ச், மே மாசம் 12 ஆம் திகதி, சிக்காகோவோட, 24 ஆவது நிமிஷத்தில டனி டிக்கியோ எண்ட இங்கிலாந்துக்காரர் முதல் கோலை அடிக்க, சனம் இருக்கையில வைக்கச் சும்மா குடுத்த குஷனுகளை மைதானத்துக்குள்ள எறிஞ்சுது பாருங்கோ, ஒரு கோலுக்கு! அதே மட்ச்சில அவருக்குச் சிவப்பு அட்டையும் கிடைச்சது, அதை ஒருத்தரும் ஞாபகம் வச்சிருக்கிறதில்ல. பிறகும் கனகாலம், மட்ச்சில 24 ஆவது நிமிஷம் வந்தா சனம் அவற்ற பேரைச் சொல்லிப் பாடும்.

அதுக்குப் பிறகு சந்தோசப்பட ஒண்டும் இல்ல. எட்டு சீசன், லீக் முடிய முன்னுக்கு வந்த ரீமுகள் கப்புக்கு மோதுற பிளேஓஃபை எட்டியும் பாக்கேல்ல. 2012 இல லீக்கில முதல் ஒன்பது மட்ச்சும் வரிசையாத் தோல்வி. ஒவ்வொரு தரமும் தோத்த உடன கோச்சை மாத்துவினம், ஆக்களை மாத்துவினம். இடைக்காலத்துக்கு வந்தவரையும் சேத்து எண்ணினா, 2014 இல வந்த கிரெக் வானி ஒன்பதாவது கோச். பேரைக் கேட்டா எங்கட வன்னி மாதிரித்தான் இருக்கும், மனுசன் அமெரிக்கர். என்ர மச்சான் இண்டைக்கும் "வன்னிக் கோச்" எண்டுதான் சொல்லுவார்.

காசு விசயமும் ஒண்டு சொல்லோணும். இந்த லீக்கில ஐரோப்பாக் கிளப்புகள் மாதிரி ஆர் வேணுமெண்டாலும் எவ்வளவு குடுத்தும் வாங்கேலாது, சம்பளத்துக்கு மேல்வரம்பு இருக்கு. ஆனா மூண்டு பேருக்கு மட்டும் அந்த வரம்பைத் தாண்டிக் குடுக்கலாம். பெக்கம் வரேக்கை கொண்டுவந்த விதி. ரொறன்ரோ அந்த மூண்டு இடத்துக்கும் பிடிச்சது மைக்கல் பிராட்லி, ஜோசி அல்ரிடோர், இத்தாலிக் கிளப் யுவென்ரஸிலயிருந்து வந்த செபஸ்ரியன் ஜியோவிங்கோ. ஜியோவிங்கோவுக்கு வருஷத்துக்கு ஏழு மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல, அதே உடுப்பு மாத்திற அறையில அவருக்குப் பக்கத்தில இருக்கிற பெடியனுக்கு அறுபது எழுபதாயிரம். கலியாண வீட்டில ஒரு மேசைக்கு இறால், மற்ற மேசைக்குப் பருப்பு எண்டு வச்சா என்ன நடக்கும்? அப்பிடி இருந்தும் அவை ஒண்டா விளையாடினதுதான் எனக்கு இண்டைக்கும் அதிசயம்.

சரி, அந்த இரவுக்கு வாறன்.

2016 ஃபைனல். பீ.எம்.ஓ. ஃபீல்ட், எங்கட சொந்த மைதானம், வாவிக்கரை. டிசம்பர் மாசத்தில ஒன்ராறியோ வாவியிலயிருந்து வாற காத்து எப்பிடி எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஸ்காபுரோவிலயிருந்து வெளிக்கிடேக்கயே ரெண்டு சோடி சொக்ஸ், யூனியனில ரெயின் மாறி எக்சிபிஷனில இறங்கேக்க மச்சான் கேக்கிறார், "அத்தான், ரீவியில பாத்திருந்தா தேத்தண்ணியாவது கிடைச்சிருக்கும்" எண்டு. மற்றப் பக்கம் சியாற்றில். நூற்றிருபது நிமிஷம் விளையாடி சியாற்றில் கோலுக்கு நேர ஒரு அடிகூட அடிக்கேல்ல. நம்புங்கோ, ஒண்டுகூட இல்ல. நாங்கள் அடிச்சுக்கொண்டே இருந்தம். பந்து போகேல்ல.

ஏன் போகேல்ல? கோல்கீப்பர். ஸ்ரெஃபான் ஃபிரை. இதிலதான் எனக்கு வயிறு எரியிறது. இந்த ஃபிரை ஆர்? எங்கட ஆள்! 2009 இல ரொறன்ரோ எடுத்த பெடியன், கோல்கீப்பரா இஞ்சதான் வளந்தவர். 2012 இல காலில எலும்பு முறிஞ்சு அந்த சீசன் போட்டுது, திரும்பி வந்து பாத்தா கோல் வாசலில வேற ஆள், பேந்து சியாற்றிலுக்கு அனுப்பிவிட்டினம். அந்த மனுசன் திரும்பி வந்து எங்கட மைதானத்தில, எங்கட சனத்துக்கு முன்னால, 108 ஆவது நிமிஷம் எண்டு நினைவிருக்கு, வலதுபக்கத்தாலை பந்து வருது, அல்ரிடோர் தலையால பின்பக்கமா ஏத்தி விடுறார், பந்து வளைஞ்சு தூரத்துக் கம்பியடிக்கு இறங்குது. நாங்கள் எழும்பியாச்சு, கையும் தூக்கியாச்சு, மச்சான் என்னைக் கட்டிப்பிடிச்சாச்சு. ஃபிரை பின்னால பின்னால போய்ப் பாய்ஞ்சு ஒரு கையால தட்டி வெளிய எடுத்தார். ஒரு கை. நான் அதை எத்தினை தரம் திருப்பிப் போட்டுப் பாத்திருப்பன் எண்டு கணக்கில்ல, ஒவ்வொரு தரமும் இந்தமுறை உள்ள போயிடும் எண்டுதான் நினைக்கிறனான்.

பேந்து பெனல்ரி. கப்டன் பிராட்லி அடிச்சதை ஃபிரை பிடிச்சார். ஆறாவது ஆளா வந்த ஜஸ்ரின் மோரோ அடிச்சது மேல் கம்பியில பட்டுது. அவை கடைசியை அடிச்சு முடிச்சினம். திரும்பி வாற ரெயினில அவ்வளவு சனம், ஆனா ஒரு செத்தவீட்டில கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்ல.

இந்த மூண்டு பேரையும் ஞாபகம் வச்சிருங்கோ. தலையால அடிச்ச அல்ரிடோர், பெனல்ரி விட்ட பிராட்லி, கம்பியில அடிச்ச மோரோ.

இப்ப பாருங்கோ, பழைய ரொறன்ரோ எண்டா அடுத்த மாசமே கோச்சைக் கலைச்சு அரைவாசி ரீமை வித்திருப்பினம். இந்தமுறை அப்பிடிச் செய்யேல்ல. அதே கோச், அதே ஆக்கள். மேல கொஞ்சப் பேரைத்தான் சேத்தவை, அதில முக்கியமான ஆள் விக்ரர் வாஸ்கெஸ். பார்சலோனாக் கிளப்பின்ர உதைபந்தாட்டப் பள்ளிக்கூடத்தில படிச்சு வந்த ஸ்பானியர், ஓட்டம் பெரிசா இல்ல, ஆனா பந்து எங்க போகோணும் எண்டு மற்ற ஆக்களுக்கு முதல் தெரியும். அவர் வந்த பிறகு ஜியோவிங்கோ பின்னால இறங்கி வந்து பந்து பொறுக்கத் தேவையில்லாமப் போச்சு. ஆட்ட அமைப்பை விளங்கப்படுத்தலாம், ஆனா அதுக்குப் படம் கீறோணும், ரேடியோவில கீறேலாது, விடுவம்.

தொடக்கம் ஒண்டும் பெரிசா இல்ல, முதல் ஆறு மட்ச்சில ஒரு வெற்றிதான். பேந்து வெல்லத் தொடங்கிச்சினம், நிப்பாட்டேல்ல. ஜூனில மொன்றியலை வெண்டு கனடாக் கோப்பை, கடைசி மூச்சில ஜியோவிங்கோ அடிச்ச கோல். செப்ரெம்பர் 30, நியூயோர்க் ரெட் புல்ஸோட 4-2, அதோட ஷீல்ட் உறுதி. அந்த நாலில மூண்டு கோல் அடிச்சது ஆர்? மோரோ! பின்வரிசையில இடதுபக்கத்துக்காரர், கோல் அடிக்கிறது அவற்ற வேலையே இல்ல. கம்பியில அடிச்ச அதே கால். நான் சோபாவில இருந்து எழும்பிக் கத்தினதில பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டிப் போட்டா.

கடைசிக்கு 34 மட்ச், 20 வெற்றி, 5 தோல்வி, 69 பொயின்ற். லீக்கில அதுவரைக்கும் ஆரும் எடுக்காத கணக்கு. அந்த 69 ஆவது பொயின்ற் அற்லான்ராவில எழுபதாயிரத்துக்கு மேல சனத்துக்கு நடுவில, ஜியோவிங்கோ ஃபிரீ கிக் போட்டுச் சமப்படுத்தினதில வந்தது. என்னைக் கேட்டா ஷீல்ட்தான் பெரிய கோப்பை. எட்டு மாசம் மழை, வெயில், பிளேன் பயணம் எல்லாத்தையும் தாண்டி முதலா வாறது பெரிசோ, ஒரு இரவில வெல்லுறது பெரிசோ? ஆனா இந்த நாட்டில சனம் அப்பிடி நினைக்கிறதில்ல, ஃபைனல் வெண்டாத்தான் சம்பியன். மச்சானோட இந்தச் சண்டை இன்னும் முடியேல்ல.

பிளேஓஃப் தட்டித் தடவித்தான் போச்சு. ரெட் புல்ஸை, ரெண்டு மட்ச்சும் சேத்துச் சமனா வர, வெளி மைதானத்தில அடிச்ச கோல் கணக்கில தாண்டி, இடைவேளைக்குப் போற வழியில நடந்த சண்டையில அல்ரிடோருக்குச் சிவப்பு அட்டை வேற. பேந்து கொலம்பஸ், அதே அல்ரிடோர் கால் நோவோட அடிச்ச ஒரே கோல்.

டிசம்பர் 9. அதே மைதானம், அதே சியாற்றில், கோல் வாசலில அதே ஃபிரை. முதல் பாதி முழுக்க அவர் திரும்பவும் பிடிக்கிறார், பிடிக்கிறார். மச்சான் தலையில கைவச்சிட்டார். 67 ஆவது நிமிஷம் ஜியோவிங்கோ நடுவால ஒரு பந்து தள்ளிவிட, அல்ரிடோர் ஓடிப்போய் ஃபிரைக்கு மேலால தூக்கி... உள்ள! ஒரு வருஷம் பிந்திப் போன அதே பந்து எண்டுதான் நான் சொல்லுவன். கடைசி நிமிஷத்தில வாஸ்கெஸ் இன்னொண்டு, 2-0. கோப்பையை வாங்கித் தூக்கினது கப்டன் பிராட்லி. மூண்டு பேற்ற கணக்கும் முடிஞ்சுது.

எனக்குக் கண்ணாடிக்கு அங்காலயிருந்து கை காட்டுகினம். 2018 ஐப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தனான், வட அமெரிக்கக் கிளப்புகளுக்கான சம்பியன்ஸ் லீக்கில மெக்சிக்கோ ரீமுகள் ரெண்டை வெளிய அனுப்பினது, குவாடலஹாராவில ஃபைனல், திரும்பவும் பெனல்ரி, பிராட்லி அடிச்சது கம்பிக்கு மேலால போனது, அந்த வருஷம் லீக்கில பிளேஓஃபுக்கே போகாதது... சரி சரி, விளம்பரம் இருக்காம். வணக்கம்.