கியர் ராடு ஆடுகிறதா? கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்

அடுத்த கேள்வி தம்மாமில் வேலை செய்யும் ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, என்னிடம் 1994 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது, அஞ்சு கியர். கியர் ராடு குழம்புச் சட்டியில் விட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது. ரெண்டுக்கு இழுத்தால் சில நேரம் நாலில் விழுகிறது. கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?"

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு சோதனை. வண்டியை ஓட்டும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள். அப்போது ராடு முன்னும் பின்னும் தூக்கிப் போட்டால் என்ஜின் மவுண்டிங்கையும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் பாருங்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் அந்த ரப்பர் செத்துப்போனால் கியர்பாக்ஸே ஆடும், மேலே நிற்கிற ராடும் கூடவே ஆடும். அப்படித் தூக்கிப் போடாமல், கையால் அசைத்தால் மட்டும் தொளதொளவென்று இருந்தால், கோளாறு ராடின் அடியில்தான்.

இந்த வண்டியில் கேபிள் கிடையாது. ராடு நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. நடுவில் ஒரு பெரிய உருண்டை, அது உட்கார ஒரு சீட். கீழ் நுனியில் ஒரு சின்ன உருண்டை, அதற்குத் தொப்பி போட்ட மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ். முப்பது வருஷத்தில் அந்தப் புஷ் தேய்ந்து, உடைந்து, காணாமலே போயிருக்கும். உருண்டைக்கு மேலே ராடு 35 சென்டிமீட்டர், கீழே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே குமிழில் 7 மில்லிமீட்டர் ஆட்டம் தெரியும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், சாமான் சின்னது.

சரி, மாற்றுவது எப்படி? சமதளத்தில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ராடைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு நிறுத்த முடியாது, அதனால் கட்டையை மறக்க வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். குமிழைத் திருகி எடுத்து, மேல் ரப்பர் உறையைக் கழற்றுங்கள். இங்கே கொஞ்சம் நிதானம். நீங்கள் இருப்பது பாலைவன ஊர், அந்த உறைக்கு அடியில் ஒரு பிடி மணலாவது இருக்கும். வேக்குவம் போட்டு உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் உள் ரப்பரைத் தூக்க வேண்டும். மணல் உள்ளே விழுந்தால் பேரிங்குக்குக் கேடு.

உள்ளே வட்டமாக ஒரு மூடி தெரியும். அதன்மேல் துணியைச் சுற்றி, நன்றாகக் கீழே அழுத்தி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிறது, அழுத்தாமல் திருப்பினால் வராது. மூடியின் பிடி விட்டதும் ராடு அப்படியே மேலே வந்துவிடும். வந்ததும் ராடு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுங்கள். பழைய புஷ்ஷின் துண்டுகள் குழியில் கிடந்தால் நீண்ட இடுக்கியால் பொறுக்குங்கள். காந்தம் போடாதீர்கள், பிளாஸ்டிக் ஒட்டாது. நானே ஒருமுறை அரைமணி நேரம் காந்தத்தை விட்டுத் துழாவியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

புது புஷ்ஷை உருண்டையில் அழுத்தி மாட்டி, மேல் சீட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். கிரீஸ் தடவி இறக்கி, மூடியை அழுத்திக் கடிகாரப் பக்கம் திருப்பினால் முடிந்தது. என்ஜினைப் போடாமலே கிளட்ச்சை மிதித்து, ரிவர்ஸ் வரை எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள்.

லேத்தில் பித்தளை புஷ் கடைந்து தருகிறேன் என்பார்கள். உழைக்கும், ஆனால் கியர்பாக்ஸின் இரைச்சலும் அதிர்வும் உள்ளங்கைக்கு வரும். நான் பிளாஸ்டிக்கையே போடுவேன். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், எண்ணெயில் ஊறி, கிழிந்து உள்ளேயே விழும்.

அப்புறம், ஆட்டம் நின்ற பிறகும் ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், அது கியர்பாக்ஸுக்குள்ளே இருக்கும் ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை), உள் ஸ்பிரிங், சிங்க்ரோ (கியர் உரசாமல் சேர வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். அதற்குத்தான் பாக்ஸை இறக்க வேண்டும்.