பார்த்தது உண்மை, தூரம்தான் பொய்

அனைவருக்கும் வணக்கம்.

பறக்கும் தட்டு என்று பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு சாரார், "இத்தனை பேரும் பொய்யா சொல்கிறார்கள்?" என்று கேட்பார்கள். மறு சாரார் சிரிப்பார்கள். இரு தரப்புமே சாட்சியின் யோக்கியதையைத்தான் எடைபோடுகிறது. இன்று அந்த வழக்கை எடுக்க வேண்டாம். வானத்தில் வெளிச்சம் கண்டேன் என்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது நான்கே விவரம்: மணி என்ன, எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை (டிகிரி) உயரம், எவ்வளவு நேரம் தெரிந்தது. இந்த நான்கும் கையில் இருந்தால் பெரும்பாலான புதிர்கள் ஒரே மாலையில் அவிழ்ந்துவிடும். இல்லையென்றால், பார்த்தவர் விமானப்படைத் தளபதியாகவே இருந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

நம் ராணுவத்துக்கே இது நடந்தது. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக்கில், பாங்கோங் ஏரிப் பகுதியில், அடையாளம் தெரியாத வெளிச்சங்களை வீரர்கள் 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் குறிப்பு. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்கள் என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை நாடினார்கள். அங்கிருந்தவர்கள் புதிய கருவி எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எந்தத் திசையில் எந்த உயரத்தில் நிற்கிறது, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் எப்படி நகர்கிறது என்று குறித்துத் தரச் சொன்னார்கள். குறிப்பு வந்தது. ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

அந்தப் பருவத்தின் வானத்தைப் பார்த்தால் இது ஏன் நடந்தது என்று புரியும். 2012 டிசம்பர் 3 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது. அதாவது சூரியன் மறையும்போது கிழக்கில் எழும்; விடிய விடிய வானில் இருக்கும்; பிரகாசமும் அப்போதுதான் உச்சம். வெள்ளியோ அந்த மாதங்களில் விடியற்காலையில் எழுந்துகொண்டிருந்தது. இடம் 4,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிது, ஈரமில்லை, தெருவிளக்கும் இல்லை. சமவெளியில் நாம் பார்க்கும் வெள்ளி வேறு, அங்கே தெரியும் வெள்ளி வேறு. அத்துடன் மலைமுகடு இருக்கிறது. நமக்கு அடிவானத்து மங்கலில் மெல்ல எழும் கோள், அங்கே முகட்டின் விளிம்பிலிருந்து முழு வெளிச்சத்தோடு சட்டென்று வெளிப்படும். யாரோ விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியது போலத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எந்த நட்சத்திரமும் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிடும். சந்தேகப்படும் வெளிச்சம் முதலில் தெரிந்த நேரத்தைப் பத்து நாள் எழுதி வையுங்கள். சுமார் நாற்பது நிமிடம் முந்தியிருந்தால், அதை இயக்குவது பூமியின் ஓட்டம்; எதிரியின் ரிமோட் இல்லை. கோள்கள் தாமும் நகர்வதால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும், குறிப்பாக வெள்ளிக்கு. ஆனாலும் கடிகாரம் வைத்து ஆள் ஓட்டும் விமானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பயிற்சி பெற்ற வீரர்கள் ஏன் ஏமாந்தார்கள்? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. நம் இரு கண்களும் சேர்ந்து தூரத்தை அளப்பது அருகில் உள்ள பொருள்களுக்குத்தான். அதற்கு அப்பால், பொருளின் அளவு முன்பே தெரியும் என்பதால்தான் தூரத்தை ஊகிக்கிறோம். பேருந்து இவ்வளவு பெரியது என்று தெரியும், சிறிதாகத் தெரிகிறது, எனவே தொலைவில் இருக்கிறது. கரும் வானில் ஒரு புள்ளி வெளிச்சத்துக்கு அளவே கிடையாது. 200 மீட்டரில் மெதுவாகப் போகும், வானில் விடும் சீனக் காகித லாந்தரும், 400 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகும் விண்வெளி நிலையமும் கண்ணுக்கு ஒரே வேகத்தில் நகரலாம். ஆக, "அது மணிக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போனது" என்று ஒருவர் சொன்னால், தூரத்தைத் தாமே ஊகித்துக்கொண்டு அதை வேகமாக மாற்றிச் சொல்கிறார் என்று பொருள். அந்த ஊகம் பத்து மடங்கு தப்பினால் வேகமும் பத்து மடங்கு தப்பும்.

விமானிகள் பார்த்தால் நம்பலாமே என்பார்கள். அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்து, 2020 ஏப்ரலில் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்ட 'கோஃபாஸ்ட்' வீடியோவை எடுத்துக்கொள்வோம். கடல் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி பாய்ந்து ஓடுகிறது. விமானிகள் உற்சாகத்தில் கூச்சலிடுகிறார்கள். நல்லவேளையாகத் திரையிலேயே எண்கள் இருக்கின்றன. விமானத்தின் உயரம் 25,000 அடி, அதாவது 7.6 கிலோமீட்டர். பொருளுக்கான தூரம் 3.4 கடல் மைல், அதாவது 6.3 கிலோமீட்டர். கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த கோணம் 35 பாகை. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். 35 பாகையின் சைன் மதிப்பு 0.57. அதை 6.3ஆல் பெருக்கினால் 3.6. ஆக, பொருள் விமானத்துக்கு 3.6 கிலோமீட்டர் கீழே, கடலுக்கு 4 கிலோமீட்டர் மேலே. கடலை உரசிக்கொண்டு போகவே இல்லை. ஏறத்தாழ மணிக்கு 700 கிலோமீட்டரில் ஓடிய விமானத்திலிருந்து பார்த்ததால் பின்னணியில் இருந்த கடல்தான் ஓடியது. 2023 செப்டம்பரில் நாசாவின் தனிக்குழு இதே கணக்கைப் போட்டு, 22 வினாடியில் பொருள் நகர்ந்தது சுமார் 390 மீட்டர் என்றது. மணிக்கு 64 கிலோமீட்டர். அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் அடிக்கும். அது பலூனா, பறவையா, என்னவென்று எண்கள் சொல்லவில்லை. அசுர வேகம் என்ற பேச்சு மட்டும் அங்கே முடிந்துபோனது.

தூரத்தோடு உருவத்தையும் மனம் கற்பித்துக்கொள்ளும். 1968 மார்ச் 3 இரவு, சோவியத்தின் ஸோண்டு 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் பாகங்கள் அமெரிக்காவின் மேல் எரிந்துகொண்டே விழுந்தன. வளிமண்டலத்தின் மிக உயரத்தில் நடந்த நிகழ்ச்சி. வரிசையாகச் சில தீப்பொறிகள், அவ்வளவுதான். வந்த அறிக்கைகளில் பல அதை அப்படியே சரியாக வர்ணித்தன. ஆனால் சிலர், சுருட்டு வடிவக் கப்பல், சதுர ஜன்னல்கள், உள்ளே வெளிச்சம், ஆணி அடித்து இணைத்த தகடுகள் என்று எழுதினார்கள். எல்லாம் தலைக்கு மேலே, மிகத் தாழ்வாக. வரிசையாக வெளிச்சம் தெரிந்தால் இடையில் உள்ள இருட்டை உடலாக நிரப்பிவிடுவது மூளையின் வேலை. சாட்சியம் கேட்கும்போது "கரிய உருவம் நட்சத்திரங்களை மறைத்ததா?" என்று தனியே கேட்க வேண்டும். மறைத்தது என்றால் பொருள் உண்டு. நடுவே நட்சத்திரம் தெரிந்தது என்றால் அவை தனித்தனி விளக்குகள்.

1997 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் கண்ட விளக்குகளும் இந்தக் குடும்பம்தான். அன்று நடந்தவை இரண்டு நிகழ்ச்சிகள். அவற்றை ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம். எட்டு மணியை ஒட்டித் தெரிந்த V வடிவ அணி ஒன்று. தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்த ஓர் இளைஞருக்கு அவை விமானங்களாகவே தெரிந்தன. பத்து மணிக்கு வீடியோக்களில் பதிவான வளைந்த விளக்கு வரிசை மற்றொன்று. அது நகரத்துக்குத் தென்மேற்கே, வெகு தொலைவில் உள்ள பயிற்சித் தளத்தின் மேல் ஏ-10 போர் விமானங்கள் போட்ட ஒளிக்குண்டுகள். பாராசூட்டில் தொங்கி, நான்கைந்து நிமிடம் எரியும். எரியும் சூட்டில் எழும் காற்று பாராசூட்டைத் தாங்குவதால் மிக மெதுவாக இறங்கும். தொலைவிலிருந்து பார்த்தால் அந்தரத்தில் நிற்பது போலிருக்கும். அதே இடத்திலிருந்து பகலில் எடுத்த படத்தை வீடியோவின் மேல் பொருத்தினால், ஒவ்வொரு விளக்கும் இடையில் உள்ள எஸ்ட்ரெல்லா மலைமுகட்டைத் தொட்டதும் அணைந்தது தெரிகிறது. நகரத்துக்கு மேலே நின்ற கப்பல் மலைக்குப் பின்னால் மறையாது.

இனி நடைமுறைக்கு வருவோம். எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதே பாதி விடை. ஓரிரு வினாடியில் முடிந்தால் எரிகல். ஒன்றிரண்டு நிமிடம், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், துண்டு துண்டாகப் பிரிந்து போனால் விண்வெளிக் குப்பை. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தில் தெரிந்தது அப்படித்தான். சந்திரப்பூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் பாகம் என்பது வானியலாளர்களின் கணிப்பு. நான்கைந்து நிமிடம் சிமிட்டாமல் நகர்ந்து, மேகமே இல்லாத வானில் மங்கி மறைந்தால் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது. மணிகோத்த மாதிரி வரிசை என்றால் ஸ்டார்லிங்க் எனும் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 போனதிலிருந்து இந்தக் காட்சி உலகெங்கும் சகஜம். ஆனால் கவனியுங்கள்: தாழ்வான செயற்கைக்கோள்கள் நம் ஊரில் மாலை இருட்டி இரண்டு மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும்தான் பெரும்பாலும் தெரியும். நள்ளிரவில் வரிசையைப் பார்த்தேன் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வெள்ளியும் அப்படியே. சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. நள்ளிரவில் தலைக்கு மேலே தெரிந்ததை வெள்ளி என்று யாராவது விளக்கினால், அந்த விளக்கம்தான் தப்பு.

மணிக்கணக்கில் ஒரே பக்கத்தில் நின்று, சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னுகிறதா? அடிவானத்துக்கு அருகில் உள்ள பிரகாசமான நட்சத்திரம். தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போனது அகத்தியர் நட்சத்திரம். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கே உச்சமாக ஏறுவதே 24 பாகைதான். அந்தத் தாழ்ந்த உயரத்தில் காற்று அடுக்குகள் வெளிச்சத்தை நிறம் நிறமாக உடைக்கும். இருட்டில் தனிப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது தானாக அசைவது போலவும் தோன்றும், கண்ணின் இயல்பு. மின்கம்பத்தையோ மாடி மூலையையோ ஒட்டி வைத்துப் பார்த்தால் அசைவு நின்றுவிடும்.

அந்திப் பொழுதில் புகைத் திரை போலவோ சுருள் போலவோ விரிந்தால் ராக்கெட். தரையில் இருட்டியிருக்கும், நூறு கிலோமீட்டர் மேலே இன்னும் வெயில். 2022 டிசம்பர் 15 மாலை கொல்கத்தாக்காரர்கள் திகைத்த வெளிச்சம், ஒடிசா கரையிலிருந்து ஏவிய அக்னி 5. 2009 டிசம்பர் 9 அன்று வட நார்வே வானில் சுழன்ற பிரமாண்டச் சுருள், கட்டுப்பாடு இழந்து சுற்றிய ரஷ்ய புலவா ஏவுகணை. பலூன்களையும் மறக்க வேண்டாம். வானிலை ஆய்வு மையங்களின் பலூன்கள் காலையும் மாலையும் ஐந்தரை மணிக் கணக்கில் கிளம்பி 30 கிலோமீட்டர் வரை போகும். ஹைதராபாத்தில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் விடுபவை இன்னும் பெரியவை. சூரியன் மறைந்த பிறகும் மேலே பளபளத்துக்கொண்டு நிற்கும்.

படம் எடுப்பவர்களுக்கு: ஜூம் செய்யாதீர்கள். கைப்பேசியின் டிஜிட்டல் ஜூம் புதிதாக எதையும் காட்டாது. குவியம் தப்பிய புள்ளியைத் தட்டாக ஊதிக் காட்டும். 2019இல் அமெரிக்கக் கப்பலிலிருந்து எடுத்த 'முக்கோண' வீடியோவில் பறந்தவை டிரோன்கள் என்றும், முக்கோண வடிவம் இரவுப் பார்வைக் கருவி வழியாகப் படம் எடுத்ததால் வந்தது என்றும் 2022 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணையில் அதிகாரிகளே சொன்னார்கள். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். மரம், கட்டடம் ஏதாவது சட்டத்துக்குள் இருக்கட்டும். படத்தில் தெருவிளக்கு இருந்தால், விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாகக் கோடு இழுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் 'பொருள்' இருந்தால் லென்ஸுக்குள் நடந்த எதிரொளிப்பு. படத்தை வெட்டியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேர விவரம் அழிந்துபோகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இவ்வளவு சொன்னதால் எதையாவது சாதாரணக் காரணத்தைத் தூக்கிப் போட்டால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1966 மார்ச்சில் மிச்சிகனில் பலர் கண்ட வெளிச்சங்களுக்கு, விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சதுப்பு நில வாயு என்று அவசரமாகக் காரணம் சொன்னார். ஊரே கொதித்தது, விசாரணை வேண்டும் என்று, பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு கோரினார். எண்கள் இல்லாத விளக்கமும் எண்கள் இல்லாத சாட்சியமும் ஒரே தராசில்தான் நிற்கும். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூபுக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701 அடையாளம் காணாதவை. அந்த 701ஐ வேற்றுக்கிரக வாசிகளின் கணக்கில் எழுதுவதும் தப்பு, "அதுவும் வெள்ளிதான்" என்று கழிப்பதும் தப்பு.

மணிப்பூரில் 2023 நவம்பர் 19 அன்று நடந்ததும் அந்தக் கணக்கில்தான் வரும். இம்பால் விமான நிலையத்தின் மேல் பகல் நேரத்தில் ஏதோ தெரிந்தது, விமானப் போக்குவரத்தை நிறுத்தினார்கள், ரஃபேல் போர் விமானங்கள் தேடிப் போயின, ஒன்றும் அகப்படவில்லை. கைப்பேசியில் எடுத்த புள்ளிகளை வைத்துக்கொண்டு பலூன் என்றோ டிரோன் என்றோ அடித்துச் சொல்ல முடியாது. பகலில் நட்சத்திரப் பின்னணியும் கிடையாது.

அப்படிப்பட்ட நேரத்தில் தனிக் கருவி இல்லாமலே உயரத்தையும் தூரத்தையும் அளக்க வழி இருக்கிறது. உயரத்துக்கு உங்கள் கையே போதும்: கையை முழுதாக நீட்டினால் சுண்டு விரலின் அகலம் ஒரு பாகை, மூடிய முட்டி பத்து பாகை, விரித்த சாண் இருபதுக்குச் சற்று மேல். தூரத்துக்கு, ஒரு கிலோமீட்டர் தள்ளி, பொருளின் திசைக்குக் குறுக்கே இருக்கும் நண்பருக்குப் போன் போடுங்கள். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில், நீங்கள் நிற்கும் இடத்தையும் பொருளின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்; திசைக்குக் கைப்பேசியின் காம்பஸ் போதும், ஓரிரு பாகை தப்பினால் தப்பட்டும். இரு திசைகளுக்கும் பத்து பாகை வித்தியாசம் வந்தால் பொருள் சுமார் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. முப்பது பாகை என்றால் இரண்டு கிலோமீட்டருக்குள். டிரோன், பலூன், பட்டம் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. ஒரு பாகை என்றால் ஐம்பத்தேழு கிலோமீட்டர். காம்பஸை நம்பி அதற்கு மேல் பிரித்தறிய முடியாது, இரவாக இருந்தால் பக்கத்து நட்சத்திரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இருவருக்கும் அது அதே நட்சத்திரத்தை ஒட்டியே தெரிந்தால், உங்கள் தெருவுக்கு மேலே எதுவும் நிற்கவில்லை.