"சார், பால் பொங்குது"

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். இணையக் குற்றத்தைத் தடுக்க அரசு கண்காணிக்கட்டும், அந்தரங்கம் அப்புறம்ங்கிறது எதிரணி. அந்தரங்கம்தான் முதல்ல, இது நாங்க.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் கேட்டாரு: "மடியில கனம் இல்லேன்னா வழியில ஏம்மா பயம்? போனைப் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே!" நீங்களும் கை தட்டினீங்க.

அண்ணே, மடியில கனம்னா குத்தமா? காசுண்ணே! காசை முடிஞ்சுக்கிட்டு நடந்தவன் வழிப்பறிக்காரனுக்குப் பயந்தான். அப்படிப் பொறந்த பழமொழி அது. எங்க பெரியம்மா மடியிலயும் கனம் இருந்துச்சு. 34 வருஷம் டீச்சரா நின்ன கால். ரிட்டயர்மென்ட் பணம் 11 லட்சம், பேங்க்ல கிடந்துச்சு.

ஒருநாள் காலையில வீடியோ கால். போலீஸ் உடுப்பு. "உங்க ஆதார்ல போதைப் பார்சல் போயிருக்கு. நீங்க டிஜிட்டல் அரெஸ்ட். கேமராவை அணைக்கக் கூடாது, யார்கிட்டயும் பேசக் கூடாது. உங்க போன் முழுக்க எங்க கண்காணிப்புல இருக்கு." அடுப்புல பால். என் பெரியம்மா போனைப் பார்த்துக் கைகூப்பிக் கேக்குறாங்க: "சார், பால் பொங்குது. அணைச்சிட்டு வரட்டுமா சார்?"

அவங்க வீடு. அவங்க அடுப்பு. அவங்க காசு போட்டு வாங்கின பால். 'எந்திரி'ன்னா 50 பிள்ளைங்க எந்திரிச்சு நின்ன டீச்சர், அடுப்பணைக்க அனுமதி கேக்குறாங்க! "போனையும் எடுத்துக்கிட்டுப் போ"ங்கிறான். 71 வயசு அம்மாவை, 'போ'! ஒரு கையில போன், ஒரு கையில கரித்துணி, அப்படியே போனாங்க. தூங்கும்போதும் கேமரா ஓடணும்னான். தலைமாட்டுல சொம்புல சாய்ச்சு வெச்சுட்டுப் படுத்தாங்க. மறுநாள் பேங்க்ல அத்தனையும் போச்சு.

நடுவர் அவர்களே, அவன் ஒரு வைரஸ் அனுப்பல. "அரசாங்கம் உன் வீட்டுக்குள்ள உட்கார்ந்து பார்க்கும்"னான், இவங்க நம்பிட்டாங்க. ஏன் நம்பினாங்க? பார்த்தா பார்க்கட்டுமேன்னு நாம சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டோம்! நம்ம சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

2017 ஆகஸ்ட் 24. உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகள் ஒருமனதாச் சொன்னாங்க, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு. வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. போடும்போதே 80 வயசைத் தாண்டின பெரியவர். அந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா எங்க பெரியம்மா போனைக் கவுத்துப் போட்டுட்டுப் பாலை இறக்கப் போயிருப்பாங்க.

திருடனைப் பிடிக்க வேண்டாமா? பிடிங்க! சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடிச்சதும் பணத்தை வழியிலயே மறிங்க. திருட்டுப் பணத்தைப் போட வாடகைக்குப் பேங்க் கணக்கு கொடுக்கிறவனைத் தூக்குங்க. அதுக்கு என் மெசேஜை ஏன் படிக்கணும்? 2023-ல தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாங்க. அதுலயும் 17ஆம் பிரிவு, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கக் கதவைத் திறந்து வெச்சிருக்கு.

மறைக்க என்ன இருக்குன்னு கேட்டீங்களேண்ணே. பெரியப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பின கடைசி வாய்ஸ் மெசேஜ் அந்தப் போன்ல இருக்கு. எங்க யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல. தினம் ராத்திரி லைட்டை அணைச்சிட்டுக் காதுல வெச்சுக் கேப்பாங்க. அவன் பார்த்துக்கிட்டிருந்த அந்த ராத்திரி மட்டும் கேக்கலையாம். 11 லட்சம் போனதைச் சொன்னப்ப அவங்க அழல. இதைச் சொன்னப்பதான் அழுதாங்க.

வணக்கம்.