வீட்டுக்காரரின் பயத்துக்கு யார் பொறுப்பேற்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

சியாட்டில் பக்கம் வந்து குடியேறிய நம்மவர்களில் பலர், முதலில் வாங்கிய டவுன்ஹவுஸை விற்காமல் ரெண்டனிலோ கென்ட்டிலோ பாத்தெலிலோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தத் தலைப்பை உங்களிடம் பேச ஆசைப்பட்டேன். சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு வாடகை வீடு கிடைக்க அரசு என்ன செய்யலாம் என்ற கேள்வியில், வீடு கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்.

அமெரிக்காவில் மாநில, மத்தியச் சிறைகளிலிருந்து ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் விடுதலையாகிறார்கள். சிறை சென்று வந்தவர்கள் வீடற்றவர்களாக இருக்கும் விகிதம் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு என்று, சிறைகளைப் பற்றி ஆராயும் ‘பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ்’ அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. காரணம் தேடி எங்கும் போக வேண்டாம். நீங்கள் கொடுக்கிற விண்ணப்பப் படிவத்தையே எடுத்துப் பாருங்கள். கிரெடிட் ஸ்கோர், வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம், முந்தைய வீட்டுக்காரரின் பரிந்துரை, பழைய குற்றப் பதிவைத் தேடும் பேக்ரவுண்ட் செக். பத்து வருடம் உள்ளே இருந்தவரிடம் இதில் எது இருக்கும்?

நம் வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. நன்னடத்தையால் தண்டனைக் குறைப்பு பெற்றவர்கூட, அதிகாரிகள் ஏற்றுக்கொள்கிற முகவரி ஒன்றைக் காட்ட முடியாவிட்டால், விடுதலைத் தேதி வந்த பிறகும் சிறையிலேயே இருக்க நேரிடும். வெளியே வரும் உரிமை இருக்கிறது, போக இடம் இல்லை. இதற்காக 2009-இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறைத்துறையே மூன்று மாதம் வரை வாடகை கொடுக்கும். தொடக்கத்தில் மாதம் 500 டாலர். ஒருவரைச் சிறையில் வைத்துச் சோறு போட்டுக் காவல் காப்பதைவிட வாடகை கொடுப்பது மலிவு என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. 2022-இல் அதை ஆறு மாதமாக நீட்டினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த மாதிரித் தொகைக்குச் சியாட்டிலில் யார் வீடு தருவார்கள்? பலர் சேர்ந்து தங்கும் விடுதி வீடுகளில் ஒரு கட்டில் கிடைக்கும், அவ்வளவுதான். உங்களுடைய, என்னுடைய வீட்டு வாசல் வரை அந்தப் பணம் வந்து சேராது.

சரி, சட்டம் போட்டு வீட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்தலாமே என்பீர்கள். சியாட்டில் நகர மன்றம் 2017-இல் அதைச் செய்தது. குற்றப் பின்னணியைக் கேட்கவும் கூடாது, அதைக் காட்டி மறுக்கவும் கூடாது என்றது. கேட்கக் கூடாது என்ற பகுதி பேச்சுரிமைக்கு விரோதமானது என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுக்கக் கூடாது என்ற பகுதி தப்பியது. அந்தத் தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் தடை மட்டும் போதாது. மினியாபொலிஸ் நகரத்தில் 2020-இல் இதுபோன்ற விதிகள் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஆய்வாளர்கள் வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். விதி வந்த பிறகு கறுப்பினப் பெயர்களுக்கும் சோமாலியப் பெயர்களுக்கும் பாகுபாடு கூடியிருந்தது. குற்றப் பதிவைப் பார்க்க முடியாத வீட்டுக்காரர் பெயரைப் பார்த்துப் பயந்திருக்கிறார். பெயரை வைத்து எடைபோடப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, பயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கதவை மட்டும் திறக்கச் சொன்னால் நடக்காது. அந்தப் பயத்துக்கு அரசு ஜாமீன் நிற்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

அதற்கான ஏற்பாடு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2018-இல், வாடகை உதவி பெறுபவர்களை அந்த ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கூடவே, வீட்டுக்காரர்களுக்கான இழப்பீட்டு நிதி ஒன்றையும் வணிகத்துறையின் கீழ் தொடங்கினார்கள். வாடகை உதவியோடு வருபவர் வீட்டைச் சேதப்படுத்தினால் 5,000 டாலர் வரை அரசு தரும். அவர் குடிவருமுன் செய்ய வேண்டிய பழுதுகளுக்கு 1,000 டாலர் வரை உண்டு. அந்தப் பழுதுவேலைக்காக வீடு காலியாகக் கிடந்தால் 14 நாள் வரை வாடகையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. நிதியிலிருந்து பணம் வாங்கிய வீட்டுக்காரர், அதே சேதத்துக்காகக் குடியிருந்தவர் மேல் வழக்குப் போடவோ கடன் வசூல்காரர்களை ஏவிவிடவோ முடியாது. உங்கள் இழப்பும் தீர்கிறது, அவர் தலையில் கடனும் ஏறுவதில்லை.

சில ஊர்களில் வீடு கொடுத்தாலே வீட்டுக்காரருக்கு ரொக்கப் பரிசு தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பரிசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு லாபம் போதாது என்பதல்ல கவலை, ஒரு பெரிய அடி விழுந்துவிடுமோ என்பதுதான். அந்த அடியை அவர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்று அரசு எழுத்தில் கொடுத்தால் போதும்.

அந்தப் பயம்கூட நாம் நினைக்கிற அளவுக்கு நியாயமானதில்லை. மினசோட்டாவில் சுமார் 10,500 குடும்பங்களின் பதிவுகளைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், 15 வகைக் குற்றங்களில் 11 வகை, ஒருவர் நல்ல வாடகைதாரராக இருப்பாரா என்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. ஒஹையோ மாநிலம் மன நோயோ வேறு குறைபாடோ உள்ள கைதிகளுக்கு, விடுதலையானதும் வீட்டோடு சேர்த்து, கூப்பிட்டால் வருகிற உதவியாளரையும் கொடுத்தது. அவர்கள் திரும்பச் சிறைக்குப் போவது, அந்த உதவி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் 61 விழுக்காடு குறைந்திருந்தது. வாடகை தாமதமானால் வீட்டுக்காரரும் போன் செய்ய ஓர் ஆள் இருக்க வேண்டும். பணத்தோடு சேர்த்து அரசு இதையும் தர வேண்டும்.

‘ஒழுங்காக இருக்கிற ஏழைக்கு இல்லாத சலுகை இவர்களுக்கு எதற்கு?’ என்று கேட்பீர்கள். நம் மாநிலத்தின் நிதி முதலில் ஏழைகளுக்காகத்தான் வந்தது. அந்த நிதியில் விடுபட்டுப்போனவர் யார் என்றால், சிறையிலிருந்து வெளியே வந்து வேலை தேடிக்கொண்டு, வாடகை உதவி எதுவும் இல்லாமல் சொந்தச் சம்பளத்தில் வீடு கேட்டு வருகிறவர். சேத இழப்பீட்டில் அவருக்கு இடமில்லை. இத்தனைக்கும், இவரைப் போன்றவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு மத்திய அரசு 1996-இலேயே வரிச் சலுகை கொண்டுவந்தது. வேலை கொடுப்பவருக்கு ஒரு கை கொடுத்த அரசு, வீடு கொடுப்பவருக்கும் கொடுக்கட்டும்.

மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் சட்டமன்றம் கூடுகிறது. குற்றப் பதிவு உள்ள எந்த வாடகைதாரருக்கும் அந்த நிதி பொருந்த வேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். அதற்கு முன்னாலேயே உங்கள் வீடு காலியாகி, வாடகை உதவியோடு ஒருவர் வந்தால், பழைய பதிவைக் காட்டி அனுப்பிவிடாதீர்கள். சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வோர் அறையின் நிலையையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இழப்பீடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாளைத்தான்.