அடி வாங்கின பையன் எப்படி அக்யூஸ்ட் ஆகறான்?

[காட்சி: இரவு. ஹவுசிங் போர்டு மாடிப்படி. ஒரே ஒரு குண்டு பல்பு.]

வட சென்னையில, வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி. ஆறு வயசுப் பையன் பாயில படுத்திருக்கான், தூங்கல. கீழருந்து செருப்புச் சத்தம் ஏறி வருது. ஒரே சீரா வந்தா நைனா இன்னைக்குக் குடிக்கல. ரெண்டு படி ஏறி, நின்னு, சுவத்தைத் தடவிட்டு மறுபடி ஏறினா, குடிச்சிருக்காரு. பையன் எந்திரிச்சு, ஆணியில தொங்கற பெல்ட்டை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னாடி போடறான். தங்கச்சியைச் சுவர் ஓரமா நகர்த்திப் படுக்க வெக்கறான். மூணு மாடி ஏறி முடிக்கறதுக்குள்ள இவ்வளவும் நடந்தாகணும்.

இது எந்தத் தனிப் பையனோட கதையும் இல்லைங்க. பல பசங்ககிட்ட பாக்கறதை ஒருத்தன் மேல வெச்சுச் சொல்றேன். ஏன் இங்க ஆரம்பிச்சேன்னா, ஆறு வயசுல இவனைக் காப்பாத்தற அந்தக் காதுதான் பதினாறு வயசுல இவனை ஸ்டேஷன்ல கொண்டுபோய் நிறுத்துது.

[காட்சி: மூளையின் படம். நடுவில் ஒரு சின்ன இடம் சிவப்பாக மின்னுகிறது.]

மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி இருக்கு. ஆபத்து வருதான்னு பார்த்து மணி அடிக்கறது அதோட முக்கியமான வேலை. மணி அடிச்சதும் கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் ஊறும், நெஞ்சு படபடக்கும், உடம்பு ஓடவோ அடிக்கவோ தயாராகும். எப்பவாவது நடந்தா நல்லதுதான். தினமும் ராத்திரி நடந்தா, மணி அடிக்கறதே பழக்கமாயிடும்.

2002-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. மங்கலா இருந்து மெல்ல மெல்லத் தெளிவாகற முகங்களைக் குழந்தைங்களுக்குக் காட்டினாங்க. வீட்டுல அடி வாங்கின குழந்தைங்க, கோப முகத்தை மட்டும் மத்தவங்களை விட சீக்கிரமாவே கண்டுபுடிச்சாங்க. படம் முழுசா தெளியறதுக்குள்ளயே அவங்களுக்குத் தெரிஞ்சுடுது. இதைத் திறமைன்னுதான் நான் சொல்வேன். அந்த வீட்டுல பொழைக்க அது வேணும்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. 1990-ல வெளிவந்த இன்னொரு ஆய்வு, 309 சின்னக் குழந்தைங்களைத் தொடர்ந்து கவனிச்சது. அடிபட்ட குழந்தைங்க, தெரியாம நடந்ததையும் வேணும்னே செஞ்சதாத்தான் எடுத்துக்கறாங்க. வரிசையில ஒருத்தன் இடிச்சுட்டா, "அவன் என்னை அடிக்க வரான்"னு மனசு முடிவு பண்ணிடுது.

இப்போ அதை நம்ம தெருவுக்குக் கொண்டு வாங்க. பதினாறு வயசு. டீக்கடை வாசல். எதிர்ல நிக்கறவன் சும்மா இந்தப் பக்கம் பார்க்கறான். "இன்னாடா, லுக்கு வுட்ற?" நம்ம ஏரியாவுல எத்தனை கேஸ் இந்த ஒரு வார்த்தையில ஆரம்பிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பார்க்கறவங்களுக்கு அது திமிரு. அவனுக்கு உள்ள அடிக்கறது, படிக்கட்டுச் செருப்புச் சத்தத்துக்கு அடிச்ச அதே மணி.

நடுவுல பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்துச்சே? இருந்துச்சு. ராத்திரி தூங்காதவன் காலையில பெஞ்சுல தூங்கினான். பின்னாடி இருந்து தோளைத் தொட்டா கையை ஓங்கினான். "அடங்காதவன்"னு பேர் வந்துச்சு, அங்கயும் அடி விழுந்துச்சு. பள்ளியில அடிக்கக் கூடாதுன்னு 2009-லயே கட்டாயக் கல்விச் சட்டம் சொல்லிடுச்சு. கடைசியா டிசி கைக்கு வந்துச்சு.

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. எனக்கு இந்தப் பழமொழி மேல ரொம்ப நாளா கோவம். அடி மட்டுமே கிடைச்ச பையனுக்கு, வெளியில ஒரு அண்ணன்தான் உதவிக்கு வரார். சாப்பாடு வாங்கித் தரார். "உன் மேல எவன் கை வெப்பான், பாத்துக்கறேன்"னு சொல்றார். நைனா சொல்ல வேண்டிய வார்த்தை அது. அப்புறம் ஒரு நாள், "இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா." மாட்டேன்னு சொல்ல அவனுக்கு மனசு வருமா?

முதல் கேஸ். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்க வழக்கை விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமம். விசாரணை முடியற வரைக்கும் அவங்களை வெச்சிருக்கற, கெல்லீஸ்ல இருக்கற கூர்நோக்கு இல்லம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பெரும்பாலான வழக்குகள்ல அந்தப் பதிவு பின்னாடி அவன் வாழ்க்கையை மறிக்கக் கூடாது. தெரு அந்தச் சட்டத்தைப் படிக்கறதில்ல. தெருவுக்கு அவன் "கேஸ் வாங்கினவன்", அவ்வளவுதான்.

[காட்சி: காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டைத் தெருக்கள். காலை வெளிச்சம்.]

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். அடி வாங்கினவன் எல்லாம் குற்றவாளி ஆகறதில்ல. கேத்தி விடம்ங்கற ஆய்வாளர் 1989-ல வெளியிட்ட கணக்கு இருக்கு. சின்ன வயசுல கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 பேரையும், அதே மாதிரிப் பின்னணியில அப்படி எதுவும் பதிவாகாத 667 பேரையும் ஒப்பிட்டாங்க. சிறார் வயசுல கைதானவங்க முதல் கூட்டத்துல 26 சதவீதம், ரெண்டாவதுல 17 சதவீதம். வித்தியாசம் நிஜம். ஆனா அந்த 26-ஐ மட்டும் பார்த்துட்டு மீதி 74-ஐ மறந்துடாதீங்க. இன்னொண்ணு, அடியே விழாம, சோறும் கவனிப்பும் இல்லாம விடப்பட்ட குழந்தைங்களும் பின்னாடி வன்முறைக் கேஸ்ல அதிகமா சிக்கினாங்க. "நான் கையே ஓங்கினதில்ல"ன்னு சொல்றவங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

வட சென்னைன்னாலே ரவுடின்னு பேசறவங்களுக்கும் அந்த 74 பதில் சொல்லும். பெல்ட் அடி, பணக்காரங்க இருக்கற போட் கிளப் பங்களாவுலயும் விழும். அங்க சுவர் கெட்டி, வெளிய கேக்காது.

மீதிப் பேரு எப்படித் தப்பிச்சாங்க? ஹவாய்ல கவாய்ங்கற தீவுல, 1955-ல பிறந்த 698 குழந்தைங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. ரொம்ப மோசமான சூழல்ல வளர்ந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் நல்லாவே வந்தாங்க. அவங்க வாழ்க்கையில பெரும்பாலும் நம்பிக்கையான ஒரு பெரியவர் இருந்தார். பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. வியாசர்பாடி மைதானத்துல ஃபுட்பால் சொல்லித் தர்றவங்களும், ராயபுரத்துல பாக்ஸிங் கத்துத் தர்றவங்களும் தினமும் சாயங்காலம் இந்த வேலையைத்தான் செய்யறாங்க. "நேத்து ஏன்டா வரல?"ன்னு கேக்க ஒரு ஆள்.

[காட்சி: மறுபடி அதே மாடிப்படி. இந்த முறை எதிர் வீட்டுக் கதவு.]

ஹவுசிங் போர்டு சுவர் மெல்லிசு. அடி விழறது உங்களுக்குக் கேக்குது. "அது அவங்க வீட்டு விஷயம்"னு டிவி சத்தத்தைக் கூட்டாதீங்க. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098-க்குப் போன் போடுங்க. காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா, குழந்தைங்களைப் பாலியல் குற்றங்கள்லருந்து காக்கற போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆகணும். என்ன பேசறதுன்னு தயங்க வேணாம். எந்த பிளாக், எத்தனாவது மாடி, குழந்தைக்கு என்ன வயசு இருக்கும், இப்போ அடி விழுதா. அதைச் சொல்லுங்க.