வெற்றியா, அதன் விலையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் கதைவழி மேசை விளையாட்டில் காட்சிக்குச் சுவை தருவது வெற்றியா, அதற்குக் கொடுக்கும் விலையா என்னும் வினாவில், விலையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கிண்டலை வீசி, உங்கள் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்ற வேலூர்ப் பட்டியலில், வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டையும் நாங்கள் சேர்க்கிறோமாம். ஐயா, ஜலகண்டேஸ்வரர் 1981-இலேயே கோயிலுக்குள் எழுந்தருளிவிட்டார். உங்கள் பட்டியல்தான் செய்தி தெரியாமல் இன்னும் அகழிக்கு வெளியே நிற்கிறது. விளையாட்டைப் பற்றி நீங்கள் அறிந்ததும் அவ்வளவு பழையதே. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் இவ்வகை விளையாட்டின் சண்டையில், வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதே பகடைக்கான கேள்வி. 2010-இல் வின்சென்ட் பேக்கர் தந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்னும் விளையாட்டில், இரண்டு பகடைகளோடு பாத்திரத்தின் திறனையும் கூட்டிப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். ஆறோ அதற்குக் கீழோ வந்தால் பாத்திரங்களைச் சுற்றியுள்ள உலகை ஆட்டுவிக்கும் கதை நடத்துநரின் கை ஓங்கும். தோல்வி எங்கே என்று தேடினீர்களே, அங்கேதான் இருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வரை வந்தால், காரியமும் ஆகும், கையையும் சுடும்.

சத்துவாச்சாரியில் எங்கள் மேசையில் நடந்ததைக் கேளுங்கள். கதையின் காலம் 1806 ஜூலை 9, இரவு. வேலூர்க் கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம். புதிய தலைப்பாகையை வெறுத்த சிப்பாய்கள் விடியுமுன் எழப்போகிறார்கள். அரண்மனைக்குள் இரகசியச் செய்தியைச் சேர்க்கும் சிப்பாயாக ஒரு கல்லூரி மாணவர் ஆடினார். எதைப் பணயம் வைக்கிறோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு பகடையை உருட்டினோம். எட்டு! செய்தி சேர்ந்தது, ஆனால் காவலாளி பார்த்துவிட்டான் என்றேன், கதை நடத்துநராக இருந்த நான். யார் அந்தக் காவலாளி என்று அவர் கேட்க, எதிரே இருந்த பெண், "உன் தம்பி" என்றார். பத்து வந்திருந்தால் காட்சியை முடித்துத் தேநீர் குடித்திருப்போம், நடுவர் அவர்களே; எட்டு வந்ததால் தேநீர் ஆறிப்போனது! தம்பி கூவினால் அண்ணனுக்குத் தூக்கு, கூவாவிட்டால் தம்பிக்கும் தூக்கு. அந்த எட்டு இன்னும் என் கண்முன் உருள்கிறது.

அந்த மாணவர் தன் சொந்தத் தம்பியோடு பேசாதிருந்தவர் என்பதை நாங்கள் பின்னரே அறிந்தோம். சிப்பாயின் வாயால் அவர் கதையில் வந்த தம்பியிடம் மன்னிப்புக் கேட்டபோது, அவருக்குக் குரல் உடைந்தது. அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தலைவர் அவர்களே, இந்த ஆட்டத்தில் வெற்றி தோல்வி இல்லை என்பதை, இயன்றால் அந்தத் தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள்! வணக்கம்.